முதியோரின் அன்றாடச் செயல்திறனும் மாரடைப்புக்குப் பிந்தைய நிலையும்

ஆய்வுச் சுருக்கம்

மாரடைப்புற்ற முதியவர் பிழைப்பாரா, பிழைத்தபின் தம் வீட்டில் தாமே இயங்கி வாழ்வாரா என்னும் வினாக்களுக்கு வயது மட்டும் விடை தருவதில்லை. நோய்க்கு முன் அவர் தாமே குளித்தாரா, உடுத்தினாரா, நடந்தாரா என்பதும் விடையின் ஒரு பகுதியாகும். அச்செயல்திறனை அளக்கும் முறைகள், அம்முறைகளின் குறைகள், சிகிச்சை முடிவில் அவை பெறும் இடம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முதுமை, மாரடைப்பு, அன்றாடச் செயல்திறன், பார்தெல் குறியீடு, நலிவு, இதய மறுவாழ்வு

முன்னுரை

எண்பத்திரண்டு வயதுடைய இருவர் ஒரே நாளில் ஒரே வகை மாரடைப்புடன் மருத்துவமனைக்கு வருகின்றனர் எனக் கொள்ளலாம். ஒருவர் அன்று காலையிலும் கடைக்கு நடந்து சென்று பால் வாங்கி வந்தவர். மற்றவர் ஆறு மாதங்களாக மகளின் தோளைப் பற்றிக்கொண்டே கழிப்பறைக்குச் செல்பவர். இருவருடைய வயது, இரத்த அழுத்தம், இ.சி.ஜி., டிரோப்போனின் அளவு ஆகியன ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கக்கூடும். மாரடைப்பின் இடரை மதிப்பிட உலகெங்கும் பயன்படும் கிரேஸ் மதிப்பெண் வயது, இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்பாடு முதலிய எட்டுக் கூறுகளைக் கொண்டது. நோயாளி நேற்றுவரை நடந்தாரா என்று அவற்றுள் ஒன்றேனும் கேட்பதில்லை. எனினும், இவ்விருவரின் அடுத்த ஓராண்டு ஒன்றுபோல அமையாது என்பதை நோயாளியின் படுக்கையருகே நிற்கும் செவிலியர் உடனே கூறிவிடுவார். அச்செவிலியரின் கண் கண்டதை எண்ணாக மாற்றும் முயற்சியின் வரலாறு அறுபது ஆண்டுகளைக் கடந்தது.

அளவுகோல்கள்

சிட்னி கேட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963இல் ஒரு குறியீட்டை வெளியிட்டனர். குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், மலசலக் கட்டுப்பாடு, உண்ணல் என்னும் ஆறு செயல்களை அது நோக்கியது. இவை ஓர் ஒழுங்கில் இழக்கப்படுகின்றன என்பது கேட்ஸ் குழுவினர் கண்ட முதன்மையான செய்தி. குளிக்கும் திறன் முதலில் குன்றுகிறது. உண்ணும் திறன் இறுதிவரை எஞ்சுகிறது. குழந்தை கற்றுக்கொள்ளும் வரிசையின் தலைகீழ் வடிவமாக அவர்கள் இதனைக் கண்டனர்.

1965இல் புளோரன்ஸ் மஹோனி, டோரத்தியா பார்தெல் ஆகிய இருவரும் வெளியிட்ட பார்தெல் குறியீடு பத்துச் செயல்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண் வழங்குகிறது. நடத்தலுக்கும் இடம் மாறுதலுக்கும் 15 வீதம், குளித்தலுக்கு 5, படியேறுதலுக்கு 10. லாட்டன், பிராடி ஆகியோர் 1969இல் அமைத்த அளவுகோல் ஒருபடி மேலே சென்று தொலைபேசி, கடைக்குச் செல்லல், சமையல், மருந்தெடுத்தல், பணம் கையாளல் போன்ற எட்டுச் செயல்களைக் கணக்கிட்டது. தொடக்கத்தில் ஆண்களுக்குச் சமையல், வீட்டுப்பணி, துணி துவைத்தல் ஆகிய மூன்றும் விலக்கப்பட்டன. வாழ்நாளில் அடுப்பருகே செல்லாதவரிடம் சமைக்க இயலாமையை நோயாகக் கொள்ள முடியாது என்பதே காரணம். அக்காலத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இவ்விலக்கு பொருந்தியிருக்கும்.

அளவுகோல்கள் பிறந்த மண்ணின் பழக்கங்களைச் சுமந்தே வருகின்றன. பார்தெல் குறியீட்டின் உண்ணும் பகுதி உணவை நறுக்குவதையும் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதையும் எண்ணி எழுதப்பட்டது. கையால் சோறு பிசைந்து உண்பவருக்கு அது எளிதாகவே முழு மதிப்பெண் அளித்துவிடும். தரையில் அமர்ந்து எழுதல், குந்தியமர்ந்து மலங்கழித்தல் ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. தமிழக முதியவர் பலர் முதலில் இழப்பதோ இவ்விரண்டையே. வடஇந்தியாவின் பல்லப்கர் பகுதி முதியோருக்காக இந்திய அன்றாடத் திறன் அளவுகோல் ஒன்று 1990களில் தனியே உருவாக்கப்பட்டதற்கு இத்தகைய இடைவெளிகளே காரணம்.

எந்த நாளின் மதிப்பெண்?

மாரடைப்பு ஆய்வுகளைப் படிப்போர் முதலில் கேட்கவேண்டிய வினா, செயல்திறன் எப்போது அளக்கப்பட்டது என்பதாகும். ஜப்பானில் மருத்துவமனைக் கட்டணக் கணக்குக்காகத் திரட்டப்படும் நாடளாவிய தரவில் அனுமதி நாளிலும் வீடு திரும்பும் நாளிலும் பார்தெல் மதிப்பெண் பதிவாகிறது. இத்தகைய பெருந்தரவு வேறு நாடுகளில் அரிது. ஆனால் மாரடைப்புடன் வந்தவர் அனுமதி நாளில் எழக்கூடாதென்று கட்டளையிடப்பட்டவர். மூச்சுத்திணறலுடன் கிடப்பவரின் நடைத்திறன் சுழியம் என்று குறிக்கப்பட்டால், அது நேற்றைய இயலாமையா, இன்றைய நோயின் கடுமையா, மருத்துவரின் கட்டளையா என்று பிரித்தறிய வழியில்லை. வீடு திரும்பும் நாளின் மதிப்பெண்ணோ பிழைத்தோரிடமிருந்து மட்டுமே கிடைக்கிறது. இரு வாரங்களுக்கு முன்னைய நிலையை நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ கேட்டறிவதே சிகிச்சை முடிவுக்குப் பெரிதும் உதவுவது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: பராமரிப்பவர் முதியவரின் இயலாமையைக் கூட்டியும், முதியவர் குறைத்தும் கூறுவது வழக்கம்.

தொடர்பும் காரணமும்

செயல்திறன் குன்றிய முதியவர்கள் மாரடைப்புக்குப்பின் கூடுதலாக இறக்கின்றனர். கூடுதலாக மீண்டும் மருத்துவமனைக்கு வருகின்றனர். இதில் ஆய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 75 வயது கடந்த 3,000க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளைக் கொண்ட அமெரிக்காவின் சில்வர்-ஏ.எம்.ஐ. ஆய்வில், நாற்காலியிலிருந்து எழுந்து சிறு தொலைவு நடந்து திரும்பும் எளிய சோதனை, ஆறு மாத இறப்பை முன்கணிக்கும் கூறுகளுள் ஒன்றாக இடம்பெற்றது.

இத்தொடர்பு எவ்வாறு உருவாகிறது என்பதே கடினமான வினா. தசை மெலிந்தவரின் உடலில் நோயைத் தாங்கும் சேமிப்பு குறைவு. நெஞ்சுவலியின்றி மூச்சுத்திணறலோ மனக்குழப்பமோ மட்டும் தோன்றும் முதியவர், பிறரைச் சார்ந்திருப்பவராயின், மருத்துவமனையை அடையத் தாமதமாகிறது. இரத்த உறைவைத் தடுக்கும் இரு மருந்துகளை உட்கொள்வோர் தடுமாறி விழுந்தால் பெருங்குருதிப்போக்கு நேரலாம். இவை உடல்சார்ந்த காரணங்கள். இவற்றோடு, பிறரைச் சார்ந்து வாழ்வோருக்கு ஆஞ்சியோகிராமும் ஸ்டென்டும் குறைவாகவே அளிக்கப்படுகின்றன. ஆகவே அவர்களின் மிகுதியான இறப்பில் நோயின் பங்கு எவ்வளவு, மறுக்கப்பட்ட சிகிச்சையின் பங்கு எவ்வளவு என்பதை நோக்கு ஆய்வுகளால் தெளிவாகப் பிரித்துக்காட்ட இயலாது. குறைந்த மதிப்பெண் சிகிச்சையைத் தடுத்து, சிகிச்சையின்மை இறப்பை வருவித்து, அவ்விறப்பே மதிப்பெண் சரியென்று சான்றளிக்கும் சுழல் உருவாகலாம்.

சிகிச்சைத் தெரிவு

இச்சுழலை உடைக்கக் குலுக்கல்முறை ஆய்வுகள் தேவைப்பட்டன. நார்வேயில் 80 வயது கடந்த 457 பேரிடம் நடந்து 2016இல் வெளியான 'ஆஃப்டர் எய்ட்டி' ஆய்வு எஸ்.டி. உயர்வற்ற மாரடைப்பையும் நிலையற்ற நெஞ்சுவலியையும் எடுத்துக்கொண்டது. மாரடைப்பு, அவசர இரத்தக்குழாய்ச் சிகிச்சை, பக்கவாதம், இறப்பு ஆகியவற்றின் கூட்டு விளைவு ஊடுருவுச் சிகிச்சைப் பிரிவில் 40.6 விழுக்காடு, மருந்து மட்டும் பெற்றோரிடம் 61.4 விழுக்காடு. வயது தடையன்று என்பதற்கு இது வலுவான சான்று. எனினும் இறப்பில் மட்டும் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. பரிசீலிக்கப்பட்டோருள் பெரும்பாலோர் ஆய்வில் சேர்க்கப்படவுமில்லை. சேர்ந்தோர் ஒப்பீட்டளவில் திடமானவர்கள்.

நலிந்தோரை மட்டுமே சேர்த்த ஸ்பெயினின் 'மோஸ்கா-ஃபிரெயில்' ஆய்வு (2023) 167 பேரைக் கொண்டது. மருத்துவமனைக்கு வெளியே உயிரோடிருந்த நாள்களே அதன் அளவீடு. எண்பது கடந்தவருக்குப் பொருத்தமான அளவீடு அது. ஓராண்டில் ஊடுருவுச் சிகிச்சையால் அந்நாள்கள் கூடவில்லை. பிரித்தானியாவின் 'சீனியர்-ரீட்டா' (2024) 75 வயது கடந்த 1,518 பேரைச் சேர்த்தது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நலிந்தவர். இதயநோய் இறப்பும் உயிர்போக்காத மாரடைப்பும் சேர்ந்த விளைவு 25.6, 26.3 விழுக்காடு என்றே அமைந்தது. உயிர்போக்காத மாரடைப்பு மட்டும் 15.0இலிருந்து 11.7 விழுக்காடாகக் குறைந்தது. உயிர் நீட்டிப்பு உறுதியில்லை; மற்றொரு மாரடைப்பைத் தவிர்க்கும் வாய்ப்பு உண்டு. நலிந்த நோயாளியின் குடும்பத்தாரிடம் நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவே.

இம்முடிவுகள் எஸ்.டி. உயர்வுடைய மாரடைப்புக்குப் பொருந்தா. முழுதாக அடைபட்ட குழாயை உடனே திறக்கவேண்டிய அந்நிலையில் அளவுகோலைத் தேடிக் காலம் கடத்துவது தீங்கு.

படுக்கையும் மீட்சியும்

செயல்திறனை இழக்கச் செய்வது மாரடைப்பு மட்டுமன்று, அதற்கான ஓய்வும்தான். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நோயாளிகள் பல வாரங்கள் அசையாது கிடத்தப்பட்டனர். சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லௌன் ஆகியோர் 1952இல் நோயாளிகளை நாற்காலியில் அமரவைக்கும் முறையை வெளியிட்டபோது அது துணிச்சலாகக் கருதப்பட்டது. நலமான முதியவரே பத்து நாள்கள் படுக்கையில் கிடந்தால் கால்களின் தசையில் ஏறத்தாழ ஒரு கிலோவை இழப்பார் என 2007இல் வெளியான ஒரு சிறு ஆய்வு காட்டியது. மணிக்கட்டுத் தமனி வழியாக ஆஞ்சியோகிராம் செய்யும் இன்றைய முறை, தொடைவழி முறையைவிட விரைவில் எழுந்து நடக்கவிடுகிறது. ஆயினும் விழுந்துவிடுவார் என்னும் அச்சத்தால் முதியவரைப் படுக்கையிலேயே வைத்திருக்கும் வழக்கம் முற்றிலும் மறையவில்லை.

இழந்ததை மீட்க இயலுமா என்பதற்கு இத்தாலியின் 'பைப்லைன்' ஆய்வு (2025) விடை தேடியது. மாரடைப்புக்கு ஒரு மாதத்திற்குப்பின், சமநிலை, நடைவேகம், நாற்காலியிலிருந்து எழுதல் ஆகிய மூன்றையும் 12 மதிப்பெண்ணுக்கு அளந்து, 4 முதல் 9 வரை பெற்ற 512 முதியோர் சேர்க்கப்பட்டனர். உடற்பயிற்சி, உணவு அறிவுரை, இடர்க்காரணிகளின் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பெற்றோரிடம் ஓராண்டில் இதயநோய் இறப்பும் எதிர்பாரா மருத்துவமனை அனுமதியும் சேர்ந்த விளைவு 12.6 விழுக்காடு, வழக்கமான கவனிப்புப் பெற்றோரிடம் 20.6 விழுக்காடு. செயல்திறன் வெறும் முன்னறிகுறியன்று, சிகிச்சைக்கு உரிய இலக்கு என்பதை இது காட்டுகிறது. ஆனால் அவ்வாய்வில் சேரக் குறைந்தது 4 மதிப்பெண் வேண்டும். மகளின் தோளைப் பற்றி நடந்த அந்த இரண்டாம் நோயாளி அதற்கும் கீழே நின்றிருக்கக்கூடும். அவருக்கு எந்தப் பயிற்சி, எவ்வளவு, யார் துணையுடன் என்பதற்கு அவ்வாய்வின் முடிவுகளைக் கொண்டு விடை கூற இயலாது.