பருத்தி இலை சிவப்பதேன்?

பெரம்பலூர் ஜில்லா குன்னம் வட்டாரத்துக் கரிசல் நிலங்களில், புரட்டாசி மழையை நம்பி விதைத்த மானாவாரிப் பருத்தி, மழை ஓய்ந்தபின் மார்கழி, தை மாதங்களில் இலை சிவந்து நிற்பதுண்டு. குடியானவர்களில் அநேகர் இதனை நோயென அஞ்சி மருந்துக்குப் பணம் செலவிடுகின்றனர். சிவப்பெல்லாம் நோயன்று.

ஈரம் குறைந்தால் இலை தன் நுண்துளைகளை மூடிக்கொள்ளும். கரியமிலவாயு உட்புகுவது குறைந்து, இலை உணவு சமைக்கும் தொழில் தளரும். அவ்வாறு பயன்படாத வெயில் பச்சையத்தைக் கெடுக்கத் தொடங்கும். அப்போது இலையிலுள்ள மஞ்சள் நிறமிகள் மிகுதியான ஒளியை வெப்பமாக மாற்றி வெளியேற்றும். அந்தோசயனின் என்னும் செந்நிறமி திரண்டு, குடைபோல் ஒளியை மறைக்கும். ஆயினும் குடை நீர் தராது. வறட்சி நீடித்தால் காய் சிறுத்துப்போம்.

ஆகையால் காரணம் அறிந்தே செலவு செய்தல் வேண்டும். இலையோரம் கீழ்நோக்கிச் சுருண்டு, அடிப்புறத்தில் பச்சை நிறச் சிறு பூச்சிகள் பக்கவாட்டில் ஓடினால், அது தத்துப்பூச்சியின் சேதம். பூச்சிமருந்து அதற்கே உரியது. அடி இலைகளில் நரம்பு பச்சையாயிருக்க, இடைப்பகுதி மட்டும் சிவந்தால் மக்னீசியக் குறை. மக்னீசியம் சல்பேட் கரைசலை இலைமேல் தெளிக்கலாம். இவ்விரு குறிகளுமின்றி, நிலம் வெடிக்கையில் இலை சிவந்தால் ஈரக்குறைவே காரணம். அப்போது மருந்தை விடுத்து, களை நீக்கி, வரிசைகளுக்கிடையே மேலாகக் கொத்தி வெடிப்புகளை மூடி, எஞ்சிய ஈரத்தைக் காப்பதே தக்கது.