காட்சி இயக்கிப் பழுதும் கணினித் திரை மீட்பும்

காட்சி இயக்கி என்பது கணினியின் இயங்குதளத்துக்கும் வரைகலைச் செயலிக்கும் இடையே நின்று கட்டளைகளைக் கொண்டு சேர்க்கும் மென்பொருள் ஆகும். இதை டிஸ்பிளே டிரைவர் என்றும் கிராபிக்ஸ் டிரைவர் என்றும் கூறுவர். இந்த இயக்கி பழுதடைந்தால் கணினி உள்ளே இயங்கிக்கொண்டிருந்தாலும் திரை கறுத்துவிடலாம். அல்லது எழுத்துகளும் படங்களும் பெரிதாகி மங்கலாகத் தெரியலாம். இந்நிலையில் பலர் கணினியே கெட்டுவிட்டது என்று எண்ணி வன்தட்டை அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவிவிடுகின்றனர். அதனால் பல ஆண்டுகளாகச் சேர்த்த ஒளிப்படங்களும் பாடக்குறிப்புகளும் போய்விடுகின்றன. உண்மையில் இயக்கிப் பழுது காட்சியை மட்டுமே பாதிக்கிறது. கோப்புகள் வன்தட்டில் இருந்தபடியே இருக்கும்.

பழுது ஏற்படக் காரணங்கள்

புதிய இயக்கி அந்தக் கணினியின் வரைகலைச் செயலிக்குப் பொருந்தாமல் இருப்பது, இயக்கியை நிறுவும்போது மின்சாரம் தடைபடுவது, இயங்குதளம் புதுப்பிக்கப்பட்ட பின் பழைய இயக்கி ஒத்துப்போகாமல் இருப்பது ஆகியவை முக்கியக் காரணங்கள். மடிக்கணினிகளுக்கு அவற்றின் தயாரிப்பாளர் சிறு மாற்றங்களுடன் இயக்கியை வழங்குவது உண்டு. அதற்குப் பதிலாகப் பொதுவான இயக்கியை நிறுவுவதாலும் சில வேளைகளில் சிக்கல் வரும்.

2007ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதல், வரைகலைச் செயலி ஏறத்தாழ 2 நொடிகளுக்குப் பதிலளிக்காவிட்டால் விண்டோஸ் தானாகவே இயக்கியை மறுதொடக்கம் செய்கிறது. திரை ஒரு கணம் கறுத்து மீண்டும் தோன்றுவது இதனால்தான். எப்போதாவது ஒருமுறை நிகழ்ந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. அடிக்கடி நிகழ்ந்தால் இயக்கியையோ, கணினி அதிகமாகச் சூடாகிறதா என்பதையோ கவனிக்க வேண்டும்.

பழுது எங்கே என்று அறிதல்

கணினியை இயக்கியதும் முதலில் தயாரிப்பாளரின் சின்னம் தோன்றும். அப்போது விண்டோஸின் காட்சி இயக்கி இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது. எனவே சின்னம் தெளிவாகத் தெரிந்து, அதன் பிறகு திரை கறுத்தால், திரையகமும் கம்பியும் பெரும்பாலும் நன்றாக உள்ளன. இயக்கியையே ஐயுற வேண்டும். சின்னம் தோன்றும்போதே கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால் அது வன்பொருள் பழுதாக இருக்கக்கூடும். எதுவுமே தெரியாவிட்டால் முதலில் திரையகத்தின் கம்பியைச் சரிபார்க்க வேண்டும். தனி வரைகலை அட்டை உள்ள மேசைக்கணினியில் கம்பி அந்த அட்டையில்தான் செருகப்பட்டுள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

கறுப்புத் திரையில் சுட்டியின் அம்புக்குறி மட்டும் அசைந்தால், இயக்கி வேலை செய்துகொண்டிருக்கலாம். முகப்புத்திரையைக் காட்டும் எக்ஸ்புளோரர் நிரல் நின்றுபோயிருக்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அங்கிருந்து எக்ஸ்புளோரரை மீண்டும் தொடங்கலாம்.

மீட்கும் படிநிலைகள்

எளிய வழியில் தொடங்கி, அது பயன்படாவிட்டால் மட்டுமே அடுத்ததற்குச் செல்வது நல்லது.

1. இயக்கியை மறுதொடக்கம் செய்தல்: விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய 4 விசைகளையும் ஒருசேர அழுத்த வேண்டும். ஒரு சிறு ஒலி கேட்டுத் திரை கண்சிமிட்டும். திறந்திருக்கும் கோப்புகள் மூடப்படுவதில்லை.

2. மீட்புச் சூழலுக்குச் செல்லுதல்: திரை திரும்பாவிட்டால், மின்பொத்தானை ஏறத்தாழ 10 நொடி அழுத்திப் பிடித்துக் கணினியை நிறுத்த வேண்டும். மீண்டும் இயக்கி, விண்டோஸ் தொடங்கும்போதே அவ்வாறே நிறுத்த வேண்டும். இப்படி இரண்டு அல்லது மூன்று முறை செய்தால் விண்டோஸ் மீட்புச் சூழல் தானாகத் திறக்கும். புதுப்பித்தல் நடந்துகொண்டிருக்கும்போது இதைச் செய்யக்கூடாது. வன்தட்டின் விளக்கு விடாமல் மின்னினால் பொறுத்திருக்க வேண்டும்.

3. சேஃப் மோடு: மீட்புச் சூழலில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகத் தேர்வு செய்து, வரும் பட்டியலில் 4ஐ அழுத்த வேண்டும். இணையமும் வேண்டுமெனில் 5ஐ அழுத்தலாம். இம்முறையில் விண்டோஸ் தன் அடிப்படை இயக்கியைக் கொண்டே திரையைக் காட்டும். காட்சி அழகாக இராது, வேலைக்குப் போதும். முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுக்க இதுவே சரியான நேரம்.

4. முந்தைய இயக்கிக்குத் திரும்புதல்: விண்டோஸ் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தி டிவைஸ் மேனேஜரைத் திறக்க வேண்டும். டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்பதன் கீழ் உள்ள பெயரை இருமுறை சொடுக்கி, டிரைவர் பகுதியில் ரோல் பேக் டிரைவர் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால், திரும்புவதற்குப் பழைய இயக்கி கணினியில் இல்லை என்று பொருள். அப்போது இயக்கியை நிறுவல் நீக்கம் செய்து, கணினியை மறுதொடக்கம் செய்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து சரியான இயக்கியைப் பெற்று நிறுவ வேண்டும்.

5. சிஸ்டம் ரெஸ்டோர்: மீட்புச் சூழலிலிருந்தே கணினியை முந்தைய ஒரு நாளின் நிலைக்குக் கொண்டுசெல்லலாம். அந்நாளுக்குப் பின் நிறுவிய நிரல்களும் இயக்கிகளும் நீங்கும். சொந்தக் கோப்புகள் நீங்கா. இதற்கு மீட்புப் புள்ளி முன்பே உருவாக்கப்பட்டிருக்க வேண்டும்.

பிட்லாக்கர் எச்சரிக்கை

வன்தட்டு பிட்லாக்கர் முறையில் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், மீட்புச் சூழல் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். பல புதிய கணினிகளில் உரிமையாளர் அறியாமலே இந்த வசதி இயங்குகிறது. பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசி வழியாகவும் அதைப் பார்க்கலாம். எண் இல்லாவிட்டால் கோப்புகளைத் திறக்க இயலாது. எனவே கணினி நன்றாக இருக்கும்போதே அதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது இன்றியமையாதது.

லினக்ஸில் மீட்பு

லினக்ஸில் வரைகலைத் திரை தனி ஓர் அடுக்காக இயங்குகிறது. அது நின்றாலும், கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை அழுத்தினால் எழுத்துத் திரை பெரும்பாலும் கிடைக்கும். அங்கே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைந்து, பழுதான இயக்கியை நீக்கலாம். கெர்னல் புதுப்பிக்கப்பட்ட பின் என்விடியா இயக்கி அதற்கேற்ப உருவாகாமல் போவது இங்கு அடிக்கடி காணப்படும் காரணம். அப்போது கணினி தொடங்கும்போது தோன்றும் கிரப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தாலே பல வேளைகளில் திரை திரும்பிவிடும்.

முன்னெச்சரிக்கைகள்

இயக்கியை மாற்றும் முன் மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்க வேண்டும். ஒரே நேரத்தில் பல மாற்றங்களைச் செய்தால் எதனால் பழுது வந்தது என்று கண்டறிவது கடினம். மடிக்கணினியை மின்இணைப்பில் வைத்தே இயக்கியை நிறுவ வேண்டும். கோப்புகளின் நகல் வேறோர் இடத்தில் எப்போதும் இருக்க வேண்டும். சேஃப் மோடிலும் கோடுகள் தெரிந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்வது நல்லது. அங்கே வன்தட்டை அழிக்க வேண்டும் என்று கூறினால், கோப்புகளை முதலில் நகலெடுத்துத் தரும்படி கேட்டுப் பெற வேண்டும்.