புதிதாக வாங்கிய மீனும் அதன் பிணியும்



கொம்பனித்தெருவிலே முற்றமில்லாத தொடர்மாடி வீடுகளில் வாழும் பிள்ளைகள் தம் கையால் வளர்த்துப் பார்க்கக்கூடிய உயிர்களுள் மீனே முதன்மையானது. நாய்க்கு முற்றம் வேண்டும். ஆட்டுக்கு இலைகுழை வேண்டும். மீனுக்கோ ஒரு கண்ணாடித் தொட்டியும் மேசையில் ஒரு மூலையும் போதும். ஆயினும், ஒரு சனிக்கிழமை ஆசையோடு வாங்கி வந்த மீன் மறு சனிக்கிழமைக்குள் செத்து மிதப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. "மீனுக்கு ஆயுள் அவ்வளவுதான்" என்று பெற்றோர் ஆறுதல் கூறுவர். அக்கூற்று பொருந்தாது. நன்கு பேணப்படும் தங்கமீன் 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆதலால், அந்த மீன் ஏன் மாண்டது என்பதைப் பிள்ளைக்கு விளக்கும் கடமை நமக்கு உண்டு.

கடையிற் காணும் மீன் அங்கே பிறந்ததன்று. பண்ணையிலோ ஓடையிலோ பிடிக்கப்பட்டு, ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பையில் அடைபட்டு, வணிகர் தொட்டியில் நெருக்குண்டு, மீண்டும் ஒரு பையில் ஏறி நம் வீட்டை அடைகின்றது. மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான படலமே அதற்குக் கவசம். வலையும் நெருக்கமும் அச்சமும் அக்கவசத்தைச் சிதைக்கின்றன. கடையில் மறைந்திருந்த நோய் வீட்டிற்கு வந்த சில நாட்களில் வெளிப்படுவது இதனாலேயே.

அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது வெண்புள்ளி நோய். உடலிலும் செட்டைகளிலும் உப்புத் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். மீன் கல்லிலே உடலை உராயும். செவுள் விரைந்து அடிக்கும். இதற்குக் காரணம் ஓரணுவுயிர் ஒன்று. 1876 ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர் ஃபூக்கே இதனை விவரித்தார். கிரேக்கமும் இலத்தீனும் கலந்த அதன் அறிவியற் பெயருக்குப் "பல பிள்ளைகளையுடைய மீன்பேன்" என்பது பொருள். பெயர் பொருத்தமானதே. மீனின் தோலுக்குள் கொழுத்த உயிரி நீரில் உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகின்றது; அவை ஓரிரு நாட்களுக்குள் வேறொரு மீனைப் பற்றாவிடின் மடிந்துபோம். குளிர்நாட்டு நீரில் பல வாரம் எடுக்கும் இச்சுழற்சி, 27, 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நம் நீரில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோலுக்குள் இருக்கும் போதும், அடியில் உறையிட்டிருக்கும் போதும் இவ்வுயிரியை மருந்து எட்டாது. நீந்தித் திரியும் குறுகிய காலத்திலேயே அதைக் கொல்ல முடியும். புள்ளிகள் மறைந்த அன்றே "நோய் தீர்ந்தது" என்று மருந்தை நிறுத்துவோர் அடுத்த வாரம் மீண்டும் அதே துயரைக் காண்பது இதனாலாகும்.

வந்தபின் தீர்ப்பதினும் வராமற் காப்பது எளிது. 1377 ஆம் ஆண்டிலே, இன்று டுப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா நகரம், கொள்ளைநோய் உள்ள இடங்களிலிருந்து வருவோரை 30 நாள் புறத்தே நிறுத்தி வைத்தது. பின்னர் அது 40 நாளாயிற்று; "குவாரண்டைன்" என்னும் சொல்லே நாற்பது என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது. நம்மவர்க்கும் இது புதிதன்று. இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மண்டபம் முகாமில் நிறுத்தி வைக்கப்பட்ட வரலாறு நம் முதியோர் அறிந்தது. 2020 இல் நாமனைவரும் அதன் பொருளை வீட்டுக்குள் அடைபட்டே கற்றோம். மனிதருக்குப் பொருந்திய அவ்விதி மீனுக்கும் பொருந்தும்.

செய்முறை எளியது. 20 லீற்றர் அளவான வேறொரு தொட்டியோ, சவர்க்காரம் படாத பெரிய பாத்திரமோ போதும். லபுகம, களட்டுவாவை நீர்த்தேக்கங்களிலிருந்தும் அம்பத்தளையிலிருந்தும் கொழும்புக்கு வரும் குழாய்நீரிலே குளோரின் கலந்துள்ளது. நமக்கு நலம் செய்யும் அது மீனின் செவுளை எரிக்கும். ஆகவே, நீரை வாய் அகன்ற வாளியில் ஒரு முழுநாள் திறந்து வைத்துப் பின்னர் ஊற்றுக. மீன் உள்ள பையை 15 நிமிடம் நீரில் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகப் புதுநீரைப் பைக்குள் சேர்த்து, பின்பு மீனை மட்டும் வலையால் எடுத்து விடுக. பைநீரைத் தொட்டியில் ஊற்றலாகாது; நோய் அதனோடு வரும். அத்தொட்டிக்கெனத் தனி வலையும் தனி வாளியும் வைத்திருத்தல் வேண்டும். 21 நாட்கள் இவ்வாறு காத்தால், வெண்புள்ளிக் கிருமியின் சுழற்சி மூன்று முறையேனும் நம் கண்முன் கடந்துவிடும்.

மீன் மடிவதெல்லாம் கிருமியால் அன்று. புதுத்தொட்டியில் மீனின் கழிவு அமோனியாவாகித் தேங்கும். அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரமாகும். ஆதலால் உணவைக் குறைத்து, இரு நாட்களுக்கு ஒருமுறை காற்பங்கு நீரை மாற்றுக. நீர் கெட்டிருக்க மருந்து ஊற்றுவது, புகை நிறைந்த அறையில் இருமுபவனுக்குப் பாணி மருந்து கொடுப்பதை ஒக்கும்.

வெண்புள்ளி கண்டால், லீற்றருக்கு 2 கிராம் அளவில் உப்பைக் கரைத்து, ஒரு நாள் முழுவதும் பகுதி பகுதியாகச் சேர்க்கலாம். நீர்த்தாவரங்களுக்கும் சில கெளிற்று மீன்களுக்கும் உப்பு ஒவ்வாது. புள்ளிகள் மறைந்த பின்னும் ஒரு வாரம் தொடர்தல் வேண்டும். கடையில் விற்கும் பச்சைச் சாய மருந்தான மலக்கைற் பச்சை நச்சுத்தன்மை உடையது. உணவு மீன்களில் அதனைப் பயன்படுத்துவது பல நாடுகளிலே தடைசெய்யப்பட்டுள்ளது. பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கலாகாது. மனிதர் உண்ட மாத்திரையின் மிச்சத்தைத் தொட்டியிற் போடுவதும் தவறு.

வாங்கும் போதே கண் திறந்து வாங்குக. தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தால், அதிலுள்ள அழகிய மீனையும் விட்டுவிடுக. செட்டையை ஒடுக்கி மூலையில் நிற்பதை இரக்கத்தால் வாங்கி, வீட்டிலுள்ள பத்து மீன்களை இழத்தல் இரக்கமாகாது.

இறுதியாக ஒன்று. நோயுற்ற மீனைக் கொல்ல மனமின்றிப் பேர வாவியில் விடுவோர் உளர். அந்நோய் வாவி மீன்களையும் பற்றும். அந்நிய மீனாயின் பெருகித் தீங்கும் செய்யும். அலங்காரத்துக்கென வந்த கத்தி மீன் நம் நன்னீர் நிலைகளிற் பரவி, நாட்டு மீன்களை உண்பதை இன்று காண்கிறோம். இலங்கைக்கே உரியதும், 1929 இல் தெரணியகல அவர்களால் உலகுக்கு அறிமுகமானதுமான சிவந்த சிறு திட்டியா மீன் போன்றவற்றைக் காப்பது நம் பொறுப்பன்றோ?

மூன்று வாரம் பொறுத்திருக்கப் பழகும் பிள்ளை மீனை மட்டுமன்று, தன் கையில் ஒப்படைக்கப்படும் எவ்வுயிரையும் காக்கப் பழகுகின்றது. பத்து ரூபா மீனாயினும், கண்ணாடிச் சுவருக்குள் அடைபட்ட அதற்கு நம்மையன்றி வேறு துணை இல்லை.