பிழைப்பாரா, நடப்பாரா?

புதுச்சேரியின் அபிஷேகப்பாக்கம் பக்கம் மரத்திலிருந்து ஒருவர் விழுந்தால், அன்று ஊர் கேட்ட கேள்வி ஒன்றே: "ஆள் பொழைப்பாரா?"

பாளை சீவ ஏறியவர் தளை நழுவி விழுவார். நாலு பேர் ஓடிப்போய்த் தோளையும் காலையும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் போடுவார்கள். நல்ல மனதோடு செய்த அந்தக் காரியமே, உடைந்த எலும்பை இன்னும் நகர்த்தித் தண்டுவடத்தை நசுக்கிவிடும். கை கால் முறிந்தால் புத்தூர் கட்டு உண்டு; முதுகுக்கு ஏது கட்டு? "இடுப்பு ஒடிஞ்சுபோச்சு" என்பதோடு தீர்ப்பு முடிந்துவிடும். பிறகு அவரைக் கொன்றது முறிந்த எலும்பல்ல, படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான்.

அந்தச் சாவைத் தடுக்கலாம் என்று இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944 முதல் காட்டியவர் லுட்விக் கட்மன். நேரம் தவறாமல் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதும், சிறுநீரைச் சுத்தமாக வெளியேற்றுவதும் அவருடைய வைத்தியத்தின் அடிப்படை. நம் பக்கத்தில் அந்த வழியைத் திறந்தவர் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் எழுந்ததும் அவரால்தான்.

இன்று கடலூர் சாலையில் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள், கோரிமேட்டில் ஜிப்மர். புதுச்சேரியில் கள்ளுக்கடை இன்னும் இருப்பதால் மரமேறுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு, சாரத்திலிருந்து விழும் கொத்தனாரும் பெயின்டரும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்கேன் எடுத்து, டைட்டானியம் ஸ்குருவும் ராடும் வைத்து முதுகை நிறுத்திவிடுகிறார்கள். கேள்வியும் மாறிவிட்டது: "ஆபரேஷன் பண்ணா நடப்பாரா?"

சீக்கிரம் கொண்டுபோனால் பலன் கூடும். கழுத்துத் தண்டுவடக் காயங்களைப் பற்றி 2012இல் வெளியான ஓர் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அறுவை நடந்தவர்களில் 19.8 சதவீதம் பேர் ஆறு மாதத்தில், செயலிழப்பை அளக்கும் அளவுகோலில் இரண்டு படியாவது தேறியிருந்தார்கள். தாமதமானவர்களில் 8.8 சதவீதம்தான். ஆனாலும் ஸ்குரு எலும்பைத்தான் பிடிக்கும். நசுங்கிய தண்டுவடத்தை ஒட்டவைக்காது. சீக்கிரம் எழுந்து உட்காரவைக்கும், அதனால் புண் வராமல் காக்கலாம். அதுவே பெரிய லாபம்.

விழாமலே, மூட்டை தூக்கித் தூக்கி வந்த இடுப்புவலி வேறு கதை. அதற்கும் ஸ்குரு வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோவில், இழப்பீடு பெறும் தொழிலாளர்களைப் பற்றிய 2011ஆம் ஆண்டு ஆய்வு யோசிக்கவைக்கிறது. முதுகெலும்பை இணைக்கும் அறுவை செய்துகொண்ட 725 பேரில், இரண்டு ஆண்டுக்குப் பின் வேலைக்குத் திரும்பியவர்கள் 26 சதவீதம். செய்துகொள்ளாத அதே எண்ணிக்கையினரில் 67 சதவீதம். அறுவை செய்தவர்களில் 27 சதவீதம் பேர் மறுபடியும் அறுவை மேசைக்குப் போக வேண்டியிருந்தது.

செலவும் இடம் மாறியிருக்கிறது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆயுஷ்மான் பாரத் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. வீடு திரும்பியபின் வாங்கும் சிறுநீர்க் குழாய், காற்றுப் படுக்கை, புரட்டிவிட ஆள் வேண்டும் என்பதற்காக மனைவி விட்ட கூலி, இவற்றை யார் ஏற்பது?

சட்டம் மரமேறியை மறந்துவிடவில்லை. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையிலேயே பனை சீவும் தொழிலுக்கும் இடம் இருந்தது. மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 40 வயதுக்காரர் முழுவதுமாக முடங்கிவிட்டால், அதில் 60 சதவீதத்தை 184.17ஆல் பெருக்க வேண்டும்: 16,57,530 ரூபாய். ஆனால் அதைக் கொடுக்க ஒரு முதலாளி வேண்டுமே! தானே மரத்தைக் குத்தகைக்கு எடுத்து ஏறுகிறவருக்கு முதலாளி யார்? மேஸ்திரி கூப்பிட்டதால் சாரம் ஏறிய கொத்தனாரிடம் என்ன சீட்டு இருக்கிறது, எந்த மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) அவர் பேர் இருக்கிறது? இ.எஸ்.ஐ.யில் பதிவான ஆலைத் தொழிலாளி வேலையில் விழுந்தால், குணமாகும்வரை கூலியில் 90 சதவீதம் வரும். அதே உயரம், அதே முறிவு. பதிவு இல்லாத பக்கத்து வீட்டில் அடுப்புக்கே வழி தேட வேண்டும்.

பிழைப்பாரா என்பதற்கும் நடப்பாரா என்பதற்கும் இன்று டாக்டர் பதில் சொல்லிவிடுகிறார். மூன்றாவது கேள்வியை, ஏறுவதற்கு முன்பே, தரையில் நிற்கும்போதே கேட்டாக வேண்டும்: "மஸ்டர் ரோல்ல பேர் இருக்கா?"