நகரக் கழிவும் நிலத்தின் வளமும்

குப்பை என்னுஞ் சொல் உழவர் வழக்கிலே வெறுத்தொதுக்கற்பாலதை மாத்திரம் குறிப்பதன்று. நிலத்துக்கிடும் எருவையும் அது குறிக்கும். சாணமும் சாம்பலும் சருகும் வீட்டின் புறத்தே குவிந்து, உக்கி, தோட்டத்தைச் சேர்ந்த காலத்தில் இவ்விரு பொருளும் முரண்பட்டில. நகர வாழ்வே அவற்றைப் பிரித்தது. நிலம் விளைத்த உணவு நகரத்தை அடைகின்றது. அதன் எச்சமோ நிலத்துக்கு மீளாது ஓரிடத்தே மலையாய்க் குவிகின்றது.

இதன் விளைவு யாது என்பதை இலங்கை மக்கள் 2017 ஆம் ஆண்டு ஏப்பிரல் 14 ஆந் தேதி, புத்தாண்டு நாளிலே கண்டனர். கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடிற்று; 30 பேருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்நாட்டு நகரக் கழிவிற் பாதிக்கு மேற்பட்டது உக்கக்கூடிய சேதனப் பொருளே. ஆதலின், அம்மலையின் பெரும்பகுதி எருவாதற்குரியதாய் இருந்ததெனல் மிகையாகாது.

உக்கல் என்பது நுண்ணங்கிகளின் தொழிலாகும். பற்றீரியாக்களும் பங்கசுக்களும் கழிவிலுள்ள காபனைச் சத்திக்காகவும், நைதரசனைத் தம் உடலை ஆக்குவதற்காகவும் கொள்ளுகின்றன. நைதரசன் 1 பங்குக்குக் காபன் 25 முதல் 30 பங்கு வரை இருத்தல் ஏற்றது. வைக்கோல், மரத்தூள் என்பன காபன் மிக்கவை; மீன்கழிவும் பச்சிலையும் நைதரசன் மிக்கவை. முன்னையது மிகின் உக்கல் தாமதிக்கும். பின்னையது மிகின் அமோனியா வெளியேறி நாற்றமெழும். ஈரம் 50 முதல் 60 வீதமாயிருந்து, காற்றும் உட்புகுமாயின், குவியலின் வெப்பநிலை 55 பாகை சதமவளவையைக் கடக்கும். அவ்வெப்பம் சில நாள் நிலைப்பின் நோய்க்கிருமிகளும் களைவித்துக்களும் பெரும்பாலும் அழிந்தொழியும்.

இம்முறையை ஒழுங்குபடுத்தியோருள் அல்பேட் ஹவாட் குறிப்பிடத்தக்கவர். அவர் 1924 முதல் 1931 வரை இந்தூரிலே பணியாற்றிய காலத்தில், கழிவைப் படைபடையாய் அடுக்கி, இடையிடையே புரட்டிக் காற்றூட்டும் முறையை வகுத்தார். 1939 இல் பெங்களூரில் சி. என். ஆச்சாரியா வகுத்த முறையோ நகரக் கழிவையும் மலக்கழிவையும் குழியில் அடுக்கி, மண்ணால் மூடிப் புரட்டாது விடுவது. இதில் உழைப்புக் குறைவு, காலம் அதிகம்.

காற்றை முற்றாக அடைத்த கலத்தில் நிகழ்வது வேறொரு செயல். அங்கே காற்றின்றி வாழும் பற்றீரியாக்கள் கழிவைச் சிதைத்து மெதேன் வாயுவைத் தருகின்றன. அஃது அடுப்பெரிக்கவும் மின் பிறப்பிக்கவும் உதவும். எஞ்சுங் குழம்பு பசளையாகும். இதே மெதேன் திறந்த குப்பைமேட்டின் அடியிலும் தோன்றுகின்றது. ஆயின் ஆங்கு அது தீக்கும் புவி வெப்பமாதலுக்கும் ஏதுவாகின்றது.

இவ்வளவு பயனிருந்தும் இம்முயற்சி தடைப்படுவதேன்? முதற்காரணம் பிரிக்கப்படாமையே. கண்ணாடித்துண்டும் பிளாத்திக்கும் மின்கலமும் கலந்த கழிவினின்று பெறும் எருவை உழவன் ஏற்பானல்லன். 2008 இல் மத்திய சுற்றாடல் அதிகாரசபை 'பிலிசரு' திட்டத்தைத் தொடங்கியபின் உள்ளூராட்சி மன்றங்கள் பல கூட்டெரு நிலையங்களை நிறுவின. எனினும், நிலையம் எத்துணைச் சிறப்பாயினும் வீட்டு வாயிலிலே கலந்ததைப் பின்னர் முற்றும் பிரித்தல் அரிது.

மற்றொன்று, மிகையான எதிர்பார்ப்பு. யூரியாவில் நைதரசன் 46 வீதம்; கூட்டெருவிலோ ஏறக்குறைய 1 அல்லது 2 வீதமே. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது விளைச்சல் வீழ்ந்தமைக்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம். கூட்டெருவின் சிறப்பு வேறு: மண்ணைப் பொலபொலப்பாக்கி, நீரையும் ஊட்டத்தையும் பிடித்துவைக்கும் ஆற்றலை அது வளர்க்கின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இது தனிச் சிறப்புடையது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறொன்றும் இங்கில்லை. சுண்ணக்கல்லிற் தேங்கிய மழைநீரே கிணறுகளை நிரப்புகின்றது. வெடிப்பும் துளையுமுள்ள அக்கல்லினூடே குப்பைமேட்டின் கழிநீரும் எளிதில் இறங்கும். பனையோலையையும் பூவரசங்குழையையும் மண்ணிற் புதைத்தும், ஆடுமாடுகளைத் தோட்டத்திற் பட்டியடைத்தும் செம்மண்ணைப் பேணிய முன்னோர் இவ்வறிவை ஏட்டிற் கற்றவரல்லர். அவர்கள் வழியில் நிற்றற்கு இன்று வேண்டுவது பெரும் பொறியன்று. சமையலறையில் உக்குவதற்கு ஒன்றும் உக்காததற்கு மற்றொன்றுமாக இரண்டு வாளிகளே. கிணற்றையும் தோட்டத்தையும் ஒருங்கே காக்கும் பணி அங்கேதான் தொடங்குகின்றது.