மருந்தடித்துக் கருகிய ரோஜா

"நேற்றுத்தான் வேப்பெண்ணெய் அடித்தேன், இன்று ரோஜா இலையெல்லாம் கருகிவிட்டது, எண்ணெயில் கலப்படமா?" வேளச்சேரிப் பக்கம் மாடித்தோட்டம் வைத்திருப்பவர் இப்படிக் கேட்டு வந்தால் நாம் விழிக்கக் கூடாது.

எண்ணெய் நல்லதாக இருந்தாலும் அக்கினி நட்சத்திர வெயிலில், உச்சிப்பொழுதில் அடித்தால் இலை வெந்துவிடும். துணி துவைக்கும் சோப்புத்தூளைக் கலந்தால் இலையின் மெழுகுப் பூச்சே போய்விடும். உப்புத்தண்ணீரில் சோப்பு சரியாகக் கரையாது. எண்ணெய் பிரிந்து, சொட்டுச் சொட்டாக இலை நுனியில் தங்கிவிடும். அடித்த ஓரிரு நாளில் நுனியும் ஓரமும் கருகி, புதுத்துளிர் சுத்தமாக வந்தால் அது நோயன்று. நோயென்று எண்ணி மறுபடியும் மருந்தடிப்பவர்தான் செடியை இழக்கிறார்.

உடனே நல்ல தண்ணீரால் இலையின் இருபுறமும் கழுவச் சொல்லுங்கள். தொட்டிச் செடியைச் சில நாள் அரைநிழலில் வைக்கலாம். கருகிய இடம் மீண்டும் பச்சையாகாது. ஆனாலும் பாதி பச்சையுள்ள இலையைக் கிள்ள வேண்டாம், செடிக்கு அதுதான் அடுப்பு. துளிர் வரும்வரை உரம் கூடாது.

அடுத்த முறை லிட்டருக்கு 5 மில்லி, மென்மையான சோப்புக் கரைசல் சிறிது, மாலை வேளை. முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பார்க்கட்டும்.

நம் பக்கமும் கவனிக்க வேண்டியது உண்டு. விளக்கேற்ற விற்கும் கலவை எண்ணெயைச் செடிக்கென்று கொடுக்காதீர்கள். விவசாயப் பூச்சிமருந்து விற்க 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைச் சிறு புட்டியில் ஊற்றிக் கொடுத்தால், அளவு அச்சிட்ட சீட்டு நம் கடையிலேயே தங்கிவிடும்.