முதற் சோறு

பிறந்த குழந்தைக்குப் பால் ஒன்றே உணவு. ஏறத்தாழ ஆறு திங்கள் வரை தாய்ப்பாலன்றி வேறு உணவு எதுவும் அதற்குத் தேவையில்லை, தண்ணீர்கூட வேண்டுவதில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீரே ஆதலின், கோடையிலும் குழந்தையின் நீர் வேட்கை அதனாலேயே தணிந்துவிடும். ஆறு திங்கள் நிறைந்த பின்னரோ நிலைமை மாறுகின்றது. குழந்தைக்குச் சோறு ஊட்ட வேண்டிய காலம் வருகின்றது. இதனைப் பலர் ஒரு விழாவாகவே கொண்டாடுகின்றனர். குருவாயூர்க் கோயிலுக்குக் குழந்தைகளை எடுத்துச் சென்று முதற் சோறு ஊட்டுதல் கேரள நாட்டில் பெருவழக்கு. தமிழ்நாட்டிலும் இவ்வழக்கம் உண்டு. விழா சிறிது நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அன்று குழந்தையின் வயிற்றினுள் தொடங்கும் வேலை செம்மையுற ஓராண்டுக்கு மேலும் ஆகும். அவ்வேலை நிகழும் முறையை இங்குக் காண்போம்.

பாலையே தொடர்ந்து கொடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கருவில் இருக்கும்போதே குழந்தை தன் தாயிடமிருந்து இரும்புச் சத்தைப் பெற்றுத் தன் உடலில் சேமித்து வைத்துக்கொள்கின்றது. அச்சேமிப்பு ஏறத்தாழ ஆறு திங்களில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. எனவே, அதன்பின் பாலை மட்டும் உண்டு வளரும் குழந்தைக்குக் குருதிச் சோகை உண்டாகக்கூடும். மூளையின் வளர்ச்சியும் தடைப்படக்கூடும். மேலும், ஆறு முதல் எட்டுத் திங்கள் வரை நாள்தோறும் பாலுக்கு மேல் 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொரு திங்கள் வரை 300 கலோரியும், அடுத்த ஆண்டில் 550 கலோரியும் வேறு உணவிலிருந்து கிடைக்க வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனத்தார் கணக்கிட்டுள்ளனர். தாய்ப்பால் இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும் தொடரலாம். சோறு அதற்குத் துணையே அன்றி மாற்று அன்று.

பிறந்த சில திங்கள் வரை, கெட்டியான பொருள் எதுவும் நாவில் பட்டால் குழந்தை அதனை வெளியே தள்ளிவிடும். இஃது இயற்கை அமைத்துள்ள காவல். நான்கு முதல் ஆறு திங்களுக்குள் இக்காவல் தளர்ந்துவிடும். எனினும், பால் குடித்துப் பழகிய நாக்கு முன்னும் பின்னும் மட்டுமே அசைய வல்லது. உணவைப் பக்கவாட்டில் ஒதுக்கி ஈறுகளால் நசுக்கிப் பின்னே தள்ளும் வித்தையை அது புதிதாகப் பயில வேண்டும். குழந்தை முதல் நாள் சோற்றை உமிழ்ந்தால், “பிள்ளைக்குச் சோறு பிடிக்கவில்லை” என்று வீட்டார் வருந்துவர். அவ்வருத்தம் தேவையற்றது, பிள்ளை பாடம் படிக்கின்றது, அவ்வளவே. ஆனால் கடைவாய்ப் பற்கள் முதலாண்டு கழிந்த பின்னரே முளைப்பதால், முழு வேர்க்கடலை போன்றவற்றை அதனால் மெல்ல இயலாது. அவை மூச்சுக்குழலில் சிக்கி உயிருக்கே இறுதி விளைக்கக்கூடும். தம்பி தங்கையரோடு விளையாடும் சிறுவர் சிறுமியர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இனி வயிற்றினுள் நிகழ்வதைப் பார்ப்போம். பாலில் உள்ள சருக்கரையைச் செரிக்கும் நொதி பிறந்த நாள் முதலே குழந்தையின் சிறுகுடலில் நிறைந்துள்ளது. சோற்றில் உள்ள மாவுப்பொருளோ வேறு தன்மையது. அது பல்லாயிரம் சருக்கரைத் துணுக்குகள் சங்கிலிபோல் கோக்கப்பெற்றது. அச்சங்கிலியை வெட்டும் நொதிக்கு அமைலேஸ் என்று பெயர். பெரியோர்க்கு அது உமிழ்நீரிலும் கணைய நீரிலும் மிகுதியாகச் சுரக்கின்றது. குழந்தையின் கணையமோ முதற் சில திங்களில் அதனை இல்லை என்று சொல்லும் அளவே சுரக்கும். ஆறாம் திங்களிலும் பெரியோரினும் மிகக் குறைவே. அங்ஙனமாயின் குழந்தை சோற்றை எவ்வாறு செரிக்கின்றது?

அதற்குத் துணைவர் சிலர் உளர். உமிழ்நீரில் அமைலேஸ் சில திங்களிலேயே பெருகிவிடுகின்றது. தாய்ப்பாலிலும் இந்நொதி உண்டு. குழந்தையின் இரைப்பை அமிலம் வன்மை குறைந்தது ஆதலால், அது முற்றும் அழியாமல் குடலை அடைந்து வேலை செய்கின்றது. தாய் தன் பாலோடு செரிமான நீரையும் சேர்த்தே ஊட்டுகின்றாள் என்பது வியப்பன்றோ! சிறுகுடலின் சுவரிலும், சங்கிலியின் நுனியிலிருந்து துணுக்குகளை ஒவ்வொன்றாய்க் கழற்றும் நொதி உள்ளது. இவற்றுக்கெல்லாம் தப்பிய மாவு பெருங்குடலை அடைகின்றது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்து, உடல் ஏற்கத்தக்க சிறு அமிலங்களாக மாற்றிக் கொடுக்கின்றன. சோறு உண்ணத் தொடங்கிய குழந்தைக்கு வாயு மிகுவதும், மலத்தின் நிறமும் மணமும் மாறுவதும் இதனாலேயே.

குழந்தையின் மலத்தில் காரட்டுத் துண்டும் பட்டாணித் தோலும் உண்டவாறே வெளிவருவதைக் கண்டு அஞ்சுவாரும் உளர். காய்களின் நார்ப்பொருளைச் செரிக்கும் நொதி மனிதர் எவருக்குமே இல்லை. நாம் மென்று விழுங்குவதால் அது நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. குழந்தை மெல்லாமல் விழுங்குவதால் புலப்படுகின்றது. பீட்ரூட்டு உண்டால் சிவப்பும், வாழைப்பழம் உண்டால் கரிய இழைகளும் காணப்படும். குழந்தை எடை கூடி நன்கு விளையாடுமாயின் இவற்றிற்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் மலத்தில் குருதி கலந்தாலும், நீராகப் பலமுறை கழிந்தாலும், எடை கூடாது நின்றாலும் மருத்துவரிடம் காட்டத் தாழ்த்தலாகாது.

குழந்தைக்கு எளிதில் செரிக்க வேண்டும் என்று கருதிப் பலர் கஞ்சியை நீர்போல் கரைத்து ஊட்டுகின்றனர். அன்பினால் செய்யும் இச்செயல் குழந்தையை மெலியச் செய்கின்றது. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்கு ஏறத்தாழ 240 மில்லிலிட்டரே கொள்ளும். அதனை நீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடம் ஏது? கெட்டியாகக் காய்ச்சினாலோ, வெந்த மாவு நீரை உறிஞ்சிப் பருத்துப் பசைபோல் ஆகின்றது; குழந்தையால் விழுங்க இயலாது. இச்சிக்கலைத் தீர்க்கும் வழி நம் அடுக்களையிலேயே உள்ளது. கேழ்வரகை ஊறவைத்து ஈரத் துணியில் முடிந்து வைத்தால், விதை தன் மாவைத் தானே உண்டு வளர்வதற்காக அமைலேசைச் சுரக்கின்றது. முளைத்த தானியத்தை உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து அரைத்த மாவிலும் அந்நொதி நிலைத்திருக்கும். கெட்டியான கூழ் சற்று ஆறியதும் இம்மாவில் ஒரு கரண்டியைக் கலந்தால், சில நிமிடங்களில் அக்கூழ் இளகி ஓடும். பின்னர் மீண்டும் ஒருமுறை கொதிக்கவைத்து இறக்குதல் நன்று. நீர் சேர்க்காமலே கூழ் இளகியது, சத்தும் குறையவில்லை. முளைகட்டுவதால் தானியத்தின் இரும்பும் உடலில் எளிதிற் சேர்கின்றது. பருப்புச் சோறும், நன்கு வெந்த இட்டலியும், மசித்த முட்டையும், முள் நீக்கிய மீனும் இக்கூழோடு முறையே பழக்கத்தக்கவை. உப்பை மட்டும் மிகக் குறைத்தல் வேண்டும்.

விலக்க வேண்டிய உணவு ஒன்று உண்டு, அது தேன். பிறந்த குழந்தையின் நாவில் தேனைத் தடவிச் ‘சேனை’ வைக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. தேனில் சிலபோது ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கலந்திருக்கும். கொதிக்கும் நீரிலும் அவை அழியா. குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சைக் கக்கித் தசைகளைத் தளரச் செய்யும். மூச்சுவிடவும் இயலாமற் செய்யும். இந்நோய் 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. பெரியோர் தேனை அச்சமின்றி உண்பதற்குக் காரணம், அவர்தம் குடலில் குடியேறியுள்ள எண்ணற்ற நுண்ணுயிர்கள் அவ்வித்துகளுக்கு இடங்கொடாமையே. சோறும் பருப்பும் காயும் உண்ண உண்ணக் குழந்தையின் குடலிலும் அத்தகைய குடிகள் பெருகுகின்றன. ஆதலின், ஓராண்டு நிறைந்த பின்னரே தேன் கொடுக்கலாம் என மருத்துவர் வரையறுத்துள்ளனர்.